ஒரு வைத்தியர்மீது பொலிஸில் முறைப்பாடு செய்தால் அது மெடிக்கல் கவுன்சிலுக்கும் போகுமா?

தானாகப் போகாது. போயிருக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

கேள்வி இதுதான்: கேட்டவரின் தங்கை, கொழும்பில் ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் பரிசோதனையின்போது வைத்தியர் தகாத முறையில் நடந்ததாகப் பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறார். வழக்கு நீதவான் நீதிமன்றத்தில் தவணை தவணையாகப் போகிறது. வைத்தியர் இன்னும் நோயாளர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். பொலிஸ் இதை, வைத்தியர்களைப் பதிவுசெய்யும் மருத்துவ சபைக்கு (மெடிக்கல் கவுன்சிலுக்கு) சொல்லியிருக்காதா, சொன்னால் அது சட்டப்படி சரியா என்று கேட்கிறார்.

நான் கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் தொழில் செய்யும் சட்டத்தரணி. இப்படியான விஷயங்களில் முறைப்பாட்டாளர் பக்கமும் நின்றிருக்கிறேன், வைத்தியர் பக்கமும் நின்றிருக்கிறேன். இரண்டு பக்கத்துப் பயமும் நியாயமானது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முறைப்பாடு கிடைத்ததும் பொலிஸ் வாக்குமூலம் எடுக்கும், நீதவானுக்கு பி அறிக்கை (விசாரணை பற்றிப் பொலிஸ் நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் அறிக்கை) போடும், தேவைப்பட்டால் கோவையை சட்டமா அதிபர் திணைக்களத்துக்கு அனுப்பி ஆலோசனை கேட்கும். இந்த வழியில் எங்கேயும் நொரிஸ் கனால் வீதியில் இருக்கிற இலங்கை மருத்துவ சபை வராது. புதுக்கடையிலிருந்து அங்கே ஓட்டோவில் போய்விடலாம். ஆனால் ஒரு பி அறிக்கையின் பிரதி தானாக அந்தத் தூரத்தைக் கடந்ததை நான் பார்த்ததில்லை. அரச வைத்தியர் என்றால் நிலைமை கொஞ்சம் வேறு. அரச ஊழியர்களின் ஒழுக்க நடவடிக்கைக்கான தாபன விதிக்கோவையின் 2ஆம் தொகுதி இருக்கிறது, மேலதிகாரிக்குத் தெரியவரும், பணித்தடை பற்றிப் பேச்சு வரும். முழுநேரமும் தனியாரில் வேலை செய்பவருக்கு அப்படி ஒரு மேலிடம் இல்லை. ஒரு சனல் சென்டர் நிறுத்தினால் அடுத்த சந்தியில் இன்னொன்று இருக்கிறது. உங்கள் தங்கையின் வைத்தியர் இன்னும் நோயாளர்களைப் பார்ப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

சபைக்கு அதிகாரம் தருவது 1927ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டம். தொழிலுக்குத் தகுதியற்றவர் என்று காட்டும் ஒரு குற்றத்துக்கு நீதிமன்றம் தண்டித்திருந்தாலும், தொழில்சார்ந்து இழிவாக நடந்தார் என்று சபையே விசாரித்துக் கண்டாலும், பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்க இடம் இருக்கிறது. இரண்டாவது காரணத்துக்கு நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இதைத் தெரியாததால் "கேஸ் முடியட்டும், பிறகு கவுன்சிலுக்குப் போவோம்" என்று பலர் வருஷக்கணக்காக இருந்துவிடுகிறார்கள். வழக்கு முடியும்போது சாட்சி வெளிநாட்டில் இருப்பார்.

தகவல் போனாலும் எந்தத் தகவல் போகிறது என்பது முக்கியம். கொட்டாஞ்சேனையிலிருந்து என்னிடம் வந்த ஓர் அம்மாவின் பொலிஸ் வாக்குமூலத்தைப் பார்த்தேன். சார்ஜன்ட் சிங்களத்தில் எழுதியிருந்தார். வாசித்துக் காட்டியதாகக் கீழே ஒரு வரி, அதன் கீழே அம்மாவின் தமிழ்க் கையொப்பம். மருந்தெடுக்கப் போனேன், கையைப் பிடித்தார், பயந்து வெளியே வந்தேன் என்ற அளவில்தான் அதில் இருந்தது. நான் தமிழில் கேட்கக் கேட்கத்தான் மற்றது வந்தது: அறையில் தாதியோ உதவியாளரோ இருக்கவில்லை, கதவு உள்ளே பூட்டியிருந்தது, எதற்காகப் பரிசோதிக்கிறேன் என்று வைத்தியர் சொல்லவில்லை, நோயாளர் அட்டையில் அந்தப் பரிசோதனை பற்றி ஒரு சொல்லும் இல்லை. பொலிஸுக்கு இவை பக்கவிபரம். குற்றத்தின் கூறுகள் நிரம்பினால் அவர்களுக்குப் போதும். மருத்துவ சபைக்கோ இவைதான் விஷயமே. ஒரு வைத்தியர் தொழிலை எப்படிச் செய்கிறார் என்பது அங்கேதான் தெரிகிறது. ஆகவே பொலிஸ் கோவையை அப்படியே சபைக்கு அனுப்பினாலும் பாதிதான் போகும். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. தமிழில் எழுத ஆள் இல்லை என்று சொன்னால், வரும்வரை இருக்கிறோம் என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

அடுத்தது, பொலிஸ் சபைக்குத் தகவல் சொல்வது சட்டப்படி சரியா என்ற கேள்வி. இங்கே இதைப் பற்றி நேரடியான தீர்ப்பு ஒன்று என் கையில் இல்லை. இங்கிலாந்தில் இருக்கிறது. அந்தத் தீர்ப்புகள் நம்மைக் கட்டுப்படுத்தாது, ஆனால் நம் நீதிமன்றங்கள் மதித்துக் கேட்கும்.

1999இல் சசெக்ஸ் பொலிஸ் மாஅதிபருக்கு எதிராக மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தின் தலைமைத் தாதியைப் பொலிஸ் விசாரித்தது. அங்கே இருந்த ஒரு நோயாளர் இறந்திருந்தார். குற்றம் சுமத்தப் போதிய சாட்சியம் இல்லை என்று கோவை மூடப்பட்டது. தாதியர் ஒழுங்குமுறை அமைப்பு, பொலிஸிடம் அவர் கொடுத்த வாக்குமூலத்தைக் கேட்டது. அவர் சம்மதிக்கவில்லை, தடையுத்தரவு கேட்டு வழக்குப் போட்டார். அவர் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை, அதனால் பெயரை நான் எழுதவில்லை. நீதிமன்றம் சொன்னதன் சாரம்: பொலிஸுக்குக் கொடுத்த வாக்குமூலம் இரகசியமானதுதான். ஆனாலும் பொதுமக்களின் சுகாதாரத்தையும் பாதுகாப்பையும் காக்கும் ஓர் அமைப்பின் விசாரணைக்கு அது தேவை என்று பொலிஸ் நியாயமாகக் கருதினால் கொடுக்கலாம். அமைப்பு கேட்காமலே பொலிஸ் தானாகவும் கொடுக்கலாம். கொடுக்கும் முன், இயன்றவரை, சம்பந்தப்பட்டவருக்கு அறிவிக்க வேண்டும், அவர் விரும்பினால் நீதிமன்றம் போக அவகாசம் இருக்க வேண்டும். வாங்கிய அமைப்பும் அதை அந்த விசாரணைக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

இந்தத் தீர்ப்பு எனக்குப் பிடித்ததற்குக் காரணம், இது இரண்டு பேரையும் மறக்கவில்லை. அடுத்த நோயாளரையும் பார்க்கிறது, குற்றம் சுமத்தப்படாத தாதியையும் பார்க்கிறது.

தகவல் போகாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் அந்த நாட்டிலேயே உதாரணம் உண்டு. ஹரோல்ட் ஷிப்மன் என்ற குடும்ப வைத்தியர் 1976இல் பெத்திடின் என்ற போதைதரும் வலிநிவாரணி மருந்துக்காகப் பொய்யான மருந்துச்சீட்டு எழுதித் தண்டிக்கப்பட்டவர். அந்தத் தகவல் அந்த நாட்டு மருத்துவ சபைக்குப் போனது. சபை ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டது. 1998 மார்ச்சில் ஹைட் நகரில் இன்னொரு வைத்தியர், இவருடைய நோயாளர்கள் அளவுக்கு மீறி இறக்கிறார்கள் என்று மரண விசாரணை அதிகாரியிடம் சொன்னார். பொலிஸ் விசாரித்தது. ஷிப்மனின் பழைய குற்றப்பதிவை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை, மருத்துவ சபையிடமும் யாரும் கேட்கவில்லை. ஏப்ரலில் கோவை மூடப்பட்டது. அதன் பிறகும் மூன்று பேரை அவர் கொன்றார். 2000இல் 15 கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்டார். நீதிபதி ஜேனட் ஸ்மித் தலைமையிலான விசாரணை 215 பேரை அவர் கொன்றதாகக் கண்டறிந்தது. இதில் தகவல் ஒருபக்கம் மட்டும் போனால் போதாது என்பது தெரிகிறது. பொலிஸ் சபைக்குச் சொல்ல வேண்டும், விசாரிக்கிற பொலிஸ் அதிகாரி சபையிடம் கேட்கவும் வேண்டும். "இவர்மேல் உங்களிடம் பழைய முறைப்பாடு ஏதும் இருக்கிறதா" என்ற ஒரு கடிதம் நம் விசாரணைகளில் போவதை நான் மிக அரிதாகவே கண்டிருக்கிறேன்.

2015இலிருந்து இங்கிலாந்துப் பொலிஸ், ஒவ்வொரு சம்பவத்திலும் உடனடியான சமூகத் தேவை இருக்கிறதா என்று பார்த்து, சபைக்கு அறிவிப்பதா என்று தீர்மானிக்கிறது. ஆபத்து இருந்தால், தீர்ப்பு வரைக்கும் பார்த்திராமல் கைது செய்த கட்டத்திலேயே அறிவிக்கலாம். வைத்தியருக்கும் கடமை இருக்கிறது: உலகின் எந்தப் பகுதியில் அவர்மேல் குற்றம் சுமத்தப்பட்டாலும் தாமதிக்காமல் தானே சபைக்குச் சொல்ல வேண்டும். அதன் பிறகு இடைக்காலத் தடை போடத் தனித் தீர்ப்பாயம் உண்டு. ஒரு தடவையில் 18 மாதம் வரை போடலாம், இடையில் மீளாய்வும் செய்ய வேண்டும். அது தண்டனை இல்லை, விசாரணை முடியும்வரை நோயாளரைக் காக்கும் ஏற்பாடு.

இனி, வைத்தியர்களின் பயம். அதைத் தட்டிக்கழிக்க முடியாது, முக்கியமாக நம் நாட்டில். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு குருநாகலில் வேலை செய்த முஸ்லிம் வைத்தியர் ஷாபிக்கு நடந்தது நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். சிங்களத் தாய்மாருக்குத் திருட்டுத்தனமாகக் கருத்தடை செய்தார் என்ற கதை முதலில் வந்தது ஒரு பத்திரிகையின் முன்பக்கத்தில். மே மாதம் கைதானார். நூற்றுக்கணக்கான பெண்கள் முறைப்பாடு கொடுக்க வரிசையில் நின்றார்கள். ஜூனில் குற்றப் புலனாய்வுத் திணைக்களமே ஆதாரம் இல்லை என்று நீதிமன்றத்தில் சொன்னது. ஜூலையில் பிணை கிடைத்தது. சம்பளமும் வேலையும் திரும்பிவர வருஷங்கள் ஆயின. கைது என்ற ஒரு சொல்லை வைத்தே சபை முடிவெடுத்தால், நாளைக்கு இதே மாதிரி இன்னொருவர் அழிவார்.

ஆனால் இதைக் காட்டி, பொலிஸ் சபைக்கு எதுவுமே சொல்லக்கூடாது என்று வாதிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அங்கே நாசம் செய்தது சபைக்குப் போன இரகசியக் கடிதம் இல்லை, சந்திக்குச் சந்தி போன கதை. முறையான வழி இல்லாத இடத்தில்தான் கசிவு வழியாகிறது. நான் கேட்பது எழுத்தில் ஓர் உடன்பாடு. பொலிஸில் ஒரு பொறுப்பதிகாரி, சபையில் ஒரு பொறுப்பதிகாரி, அவர்களுக்கிடையில் மட்டும் கடிதம். முறைப்பாடு மட்டும்தானா, கைதா, குற்றப்பத்திரமா, தண்டனையா என்று முதல் வரியிலேயே இருக்க வேண்டும். வைத்தியருக்குப் பிரதி போக வேண்டும். வழக்கு தள்ளுபடியானால் அதையும் அதே வேகத்தில் அறிவிக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் குற்றங்கள், வழக்குகள், தண்டனைகள் பற்றிய தரவை விசேட வகையில் வைத்திருக்கிறது. அதனாலும் யாரும் யாருக்கும் தொலைபேசியில் சொல்லிவிடுகிற வழக்கம் இனிச் சரிவராது.

இன்னொரு விஷயம் நம் ஆட்கள் அதிகம் யோசிப்பதில்லை. 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனை வைத்தியர்கள் இங்கிலாந்துக்குப் போனார்கள் என்று உங்கள் குடும்பத்திலேயே தெரியும். அங்கே பதிவுசெய்ய, கடந்த 5 வருஷத்தில் வேலை செய்த நாட்டுச் சபையிடம் நன்னிலைச் சான்றிதழ் (தொழில் நடத்தையில் குறை இல்லை என்ற சான்று) வாங்கிக் கொடுக்க வேண்டும். இங்கே சபைக்குத் தெரியாதது அந்தச் சான்றிதழில் வராது. புதுக்கடையில் ஒரு கோவை தூங்கிக்கொண்டிருக்க, சுத்தமான சான்றிதழோடு ஒருவர் விமானம் ஏறலாம்.

தங்கை இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியை எடுங்கள். நீதவான் நீதிமன்றப் பதிவகத்தில் விண்ணப்பித்து பி அறிக்கையின் அத்தாட்சிப்படுத்திய பிரதியை எடுங்கள். பிறகு மருத்துவ சபைக்கென்று தனியாக ஒரு சத்தியக்கடதாசி (சத்தியம் செய்து எழுத்தில் கொடுக்கும் வாக்குமூலம்) தயாரியுங்கள், சபை முறைப்பாட்டை அப்படித்தான் எதிர்பார்க்கிறது. பொலிஸ் வாக்குமூலத்தை அப்படியே பிரதி பண்ண வேண்டாம். அறையில் யார் இருந்தார்கள், என்ன சொல்லிப் பரிசோதித்தார், சம்மதம் கேட்டாரா, அட்டையில் என்ன எழுதினார், பற்றுச்சீட்டு எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அதில் வரட்டும். ஆனால் இரண்டு ஆவணங்களும் ஒன்றோடொன்று முரண்படாதபடி ஒரு சட்டத்தரணி பார்த்துவிடுவது அவசியம். குறுக்கு விசாரணையில் முதலில் தூக்கிப் பிடிப்பது அந்த முரணைத்தான். கையோடு கொடுத்தால், பெற்றுக்கொண்டதாக உங்கள் பிரதியில் திகதியோடு முத்திரை வாங்குங்கள். தபாலில் என்றால் பதிவுத்தபால். பொலிஸ் பொறுப்பதிகாரிக்கும் ஒரு கடிதம் கொடுங்கள், சபைக்கு முறையிட்டிருக்கிறோம், சபை கேட்டால் ஒத்துழையுங்கள் என்று. சில மாதத்தில் பதில் இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் முறைப்பாடு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்கலாம்.

முறைப்பாடு தாதி ஒருவர்மேல் என்றால் தாதியர் சபைக்கும், ஆயுர்வேத வைத்தியர் என்றால் ஆயுர்வேத மருத்துவ சபைக்கும் போக வேண்டும். மருந்தாளர்களின் பதிவு மருத்துவ சபையிடமே இருக்கிறது. எந்தப் பதிவிலும் இல்லாத ஒருவர் வைத்தியர் என்று சொல்லி இருந்திருந்தால் அவர்மேல் சபை ஒழுக்க விசாரணை செய்ய முடியாது. அது முழுக்கப் பொலிஸ் விஷயம், அப்போதும் சபையிடம் "இந்தப் பெயரில் பதிவு இல்லை" என்று எழுத்தில் வாங்கி விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள்.