ஸ்டெப்பி, பூநாரை, மாடுகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கஜகஸ்தானில் கோர்கால்ஜின் ஏரிப்பக்கம் போய்வந்ததைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். நான் கோவில்பட்டிக்காரன், வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். பறவை பார்க்கும் நண்பர்கள் நான்கு பேர் அடுத்த வசந்தத்தில் அங்கே போகலாம் என்றிருக்கிறோம். நால்வரிடமும் பெரிய லென்ஸ் இருக்கிறது. டெங்கிஸ் ஏரியின் பூநாரைகளைப் படமெடுக்க வேண்டும் என்பதுதான் முதல் ஆசை. பயண ஏற்பாடு செய்பவர், “சார், அங்க வெறும் பொட்டல். ரெண்டு நாள் தாராளம். மிச்ச நாளை அல்மாத்தி மலைப்பக்கம் வெச்சுக்கலாம்” என்கிறார். நீங்களோ பூநாரைக்கு இரண்டு வரி, ஊர் ஓரத்து மாட்டு மேய்ச்சலுக்கு ஒரு பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். மனித வாடையே இல்லாத இடத்தைத் தேடி அவ்வளவு தூரம் போய் மாடு மேய்வதைப் பார்ப்பானேன்? எந்த மாதம் போவது, சைவச் சாப்பாட்டுக்கு வழி உண்டா என்பதையும் சொல்லுங்கள்.

கே.

அன்புள்ள கே.,

பூநாரைக்காக மட்டும் என்றால் போகாதீர்கள். டெங்கிஸ் பெரிய உப்பேரி. பல இடங்களில் ஆழம் இரண்டு மூன்று மீட்டர்தான். பெரும் பூநாரை உலகிலேயே இவ்வளவு வடக்கே கூடு வைக்கும் இடம் வேறு கிடையாது, அதன் பெருமை அதுதான். ஆனால் அவை கூடு வைப்பது ஏரி நடுவே உள்ள தீவுகளில். அங்கே யாரையும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. அனுமதிச் சீட்டு வாங்கி, காவலரோடு கரைவரைக்கும் போனால், தூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரியும். வெயில் ஏறியதும் அந்தக் கோடும் கானலில் நெளிய ஆரம்பித்துவிடும். உங்கள் லென்ஸ் அதை ஒன்றும் செய்ய முடியாது. நல்ல பூநாரைப் படம் வேண்டுமென்றால் ஜனவரியில் கோடியக்கரைக்கோ பழவேற்காட்டுக்கோ போங்கள், பஸ் செலவோடு முடிந்துவிடும்.

இனி மாடு. உங்கள் கேள்வியின் உள்ளே, மனிதர் இல்லாத இடத்தில்தான் நல்ல பறவை இருக்கும் என்ற எண்ணம் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோருக்கும் அது உண்டு. காட்டுக்கு அது சரியாக இருக்கலாம். ஸ்டெப்பி, அதாவது மரமில்லாத அந்தப் பரந்த புல்வெளி, குளம்புகளால் ஆன நிலம். சைகா மான்களும் குதிரைகளும் ஆடுமாடுகளும் மேய்ந்து மேய்ந்து குட்டையாக வைத்திருக்கும் புல்தரை. மேய்ச்சல் நின்றால் புல் முழங்காலுக்கு ஏறும். குட்டைப் புல்லில் வாழப் பழகிய பறவைக்கு அங்கே வேலை இல்லை.

அந்த நாட்டில் இது நேரிலேயே நடந்தது. 1954இல் சோவியத் தலைவர் குருஷ்சேவ் காலத்தில் ‘கன்னி நிலத் திட்டம்’ வந்தது. வடக்கு கஜகஸ்தானின் புல்வெளியை ஏர்போட்டுக் கோதுமை விதைத்தார்கள். இன்றைய தலைநகர் அஸ்தானாவுக்கே 1961இல் அந்தத் திட்டத்தை ஒட்டி செலினோகிராத் என்று பெயர் வைத்தார்கள். பிறகு 1991இல் சோவியத் உடைந்ததும் கூட்டுப் பண்ணைகள் சரிந்தன. லட்சக்கணக்கான ஆடுமாடுகள் சில வருடங்களில் காணாமல் போயின. வெட்டித் தின்றார்கள், விற்றார்கள், சம்பளத்துக்குப் பதிலாகவும் கொடுத்தார்கள். மிஞ்சியவை குடும்பத்துக்கு இரண்டு மூன்று பசு. அவற்றைத் தொலைதூர மேய்ச்சலுக்கு ஓட்டிப்போக ஆளில்லை. காலையில் ஊர் எல்லைக்கு விரட்டிவிட்டால் சாயங்காலம் தானாக வீடு திரும்பும். ஆக, தூரத்து வெளியெல்லாம் புல் மண்டியது, ஊரைச் சுற்றி மட்டும் தரை மழித்ததுபோல் ஆனது.

சோஷியபிள் லேப்விங் என்றொரு பறவை, நம் ஆள்காட்டியின் பங்காளி. ஆண் பறவைக்கு வசந்தத்தில் கறுத்த உச்சி, கண்ணுக்கு மேல் பளீரென்ற வெள்ளைப் பட்டை, வயிற்றில் கருப்பும் செங்கல் நிறமும். அருகிவரும் உயிரினங்களின் சிவப்புப் பட்டியலில், அழிவின் விளிம்பில் இருப்பதாக இருக்கிறது. அது கூடு வைப்பது இந்த மழித்த தரையில், ஊர்க் கடைசி வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், காய்ந்த சாணிகளுக்கு நடுவே. முட்டைகளை மாடு மிதித்துவிடுமே என்றுதான் முதலில் எல்லோருக்கும் கவலை. கோர்கால்ஜினில் பல வருடம் கூடுகளைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, மிதிபடுவதால் வரும் நஷ்டம் பெரிய விஷயமில்லை, மேய்ச்சல் இல்லாவிட்டால்தான் கூடே இருக்காது என்று தெரிந்தது. அதன் உண்மையான எமன் வலசைப் பாதையில் நிற்கும் துப்பாக்கி. 2007இல் செயற்கைக்கோள் கருவி மாட்டிய ஒரு பறவையின் வழியைப் பிடித்துக்கொண்டு போய், துருக்கியின் தென்கிழக்கில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவை கூடியிருப்பதைக் கண்டார்கள். தெற்கே சிரியா, ஈராக் பக்கம் அவை வேட்டையாடப்படுகின்றன. ஒரு பகுதி நம் குஜராத், ராஜஸ்தானுக்குக் குளிர்காலத்தில் வருகிறது. அப்போது அந்த நிறமெல்லாம் மங்கி, சட்டென்று கண்ணில் படாது.

ஊர்க்காரர்கள் இந்தப் பறவையை விசேஷமாகக் கவனிப்பதாக எனக்குத் தெரியவில்லை. நான் மணிக்கணக்கில் மாட்டையே பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்து, ஒரு அம்மா கேட்டுக்குள் கூப்பிட்டுப் பால் விட்ட தேநீர் கொடுத்தார்.

கருப்பு வானம்பாடியையும் சொல்லிவிடுகிறேன், அதை விட்டால் மனசு ஆறாது. உலகத்தில் ஸ்டெப்பியைத் தவிர வேறெங்கும் கூடு கட்டாத பறவை. இலையுதிர்காலத்தில் ஆணின் இறகு விளிம்பெல்லாம் வெளிறியிருக்கும். குளிர்காலம் முழுக்கத் தேய்ந்து தேய்ந்து, மே மாதத்தில் அட்டக்கரியாக நிற்கும், அலகு மட்டும் வெளுப்பு. எழும்பினால் சிறகை மெதுவாக, ஆழமாக அடித்து, வௌவால் மாதிரி தரைக்கு மேலேயே மிதக்கும். பெட்டை மண்ணின் நிறம். அது கூட்டைச் சுற்றிக் காய்ந்த சாணித்துண்டுகளைக் கொண்டுவந்து தளம்போலப் பரப்பிவைக்கிறது. மாடு தன் சாணி கிடக்கும் இடத்தில் வாய் வைக்காது, ஆகவே அங்கே கால் வைப்பதும் குறையும், அதற்காக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். காரை நிறுத்தி ஜன்னல் வழியே பாருங்கள். காரைக் கண்டு அவை அசையாது. கதவைத் திறந்து ஒரு கால் கீழே வைத்தால் பறந்துவிடும். நடந்துபோனால் இன்னொன்றும் தெரியும்: மிதிபடும் செடியிலிருந்து மாசிபத்திரி வாசனை வரும், அதே குடும்பத்துச் செடிதான் அங்கே தரை முழுக்க.

அப்புறம், நீங்கள் கோவில்பட்டிக்காரர். கரிசலில் சோளம் முற்றும்போது மேகம்போல வந்து இறங்கும் சூறைக்குருவிக்குச் சொந்த ஊர் அந்தப் பக்கம்தான். ஏப்ரலில் இங்கிருந்து கிளம்பி, மே நடுவில் ஸ்டெப்பியின் கற்குவியல்களிலும் இடிந்த பண்ணைக் கட்டடங்களிலும் கூட்டமாகக் கூடு வைக்கும். அங்கே அதன் சாப்பாடு பெரும்பாலும் வெட்டுக்கிளி, ஆகவே விவசாயிக்கு வேண்டிய பறவை. இங்கே நாம் தகரம் தட்டி விரட்டுகிறோம். உங்கள் ஊர்ப் புல்வெளியில் பொழுது சாய்ந்ததும் வந்து அடையும் பூனைப்பருந்துகளும் அப்படித்தான். இங்கே சத்தமில்லாமல் தாழப் பறந்துபோகும் அந்தச் சாம்பல்நிற ஆண், அங்கே உயரத்திலிருந்து தலைகுப்புற விழுந்து புரண்டு பெட்டைக்கு வித்தை காட்டும். இங்கே மங்கிய பழுப்பாகச் சேற்றில் நிற்கும் பேதை உள்ளானைக் கழுத்தைச் சுற்றிய இறகுக் குஞ்சத்தோடு, வெள்ளை, கருப்பு, செம்பழுப்பு என்று ஒன்றுபோல் ஒன்றில்லாமல் ஏரிக்கரையில் பார்க்கலாம். இவற்றை எல்லாம் பார்த்தபிறகு, பட்டியலில் புதுப்பறவை சேர்ப்பதில் எனக்கு ஆர்வம் குறைந்துவிட்டது.

உங்கள் ஏற்பாட்டாளர் சொல்லும் இரண்டு நாளில் சாலையைத்தான் பார்ப்பீர்கள். கோர்கால்ஜின் அஸ்தானாவிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர். அங்கே கிராமத்து வீடுகளிலேயே தங்கலாம். குறைந்தது ஐந்து நாள் கேளுங்கள், அல்மாத்தி மலையை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்கு 2022 முதல் 14 நாள்வரை விசா தேவையில்லை. கிளம்புமுன் ஒருமுறை சரிபாருங்கள். ஏரிகள் இருக்கும் இயற்கைக் காப்பகத்துக்குள் நுழையும் அனுமதியை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

சாப்பாடு கஷ்டம்தான். அது இறைச்சி ஊர். ரொட்டி, பவுர்சாக் என்ற எண்ணெயில் பொரித்த மாவுருண்டை, புளித்த பாலேடு, முட்டை, உருளைக்கிழங்கு கிடைக்கும். சைவம் என்றால் சூப்பிலிருந்து கறித்துண்டை எடுத்துவிட்டுக் கொடுப்பார்கள், கோபப்படாதீர்கள். பருப்புப்பொடியும் ஊறுகாயும் கொண்டுபோய்விடுங்கள்.

மாதம் மே. ஏப்ரல் கடைசிவரை ஏரிகளில் பனிக்கட்டி மிதக்கலாம். மே தொடக்கத்தில் தரையோடு ஒட்டிச் சிவப்பும் மஞ்சளுமாகக் காட்டுத் துலிப் பூத்திருக்கும், வானம்பாடிகள் உச்சத்தில் பாடும். உள்ளான்களும் சூறைக்குருவியும் வேண்டுமென்றால் இரண்டாம் மூன்றாம் வாரம். ஜூனில் கொசு உங்களைத் தூக்கிக்கொண்டு போய்விடும். நான்கு பெரிய லென்ஸ் எதற்கு? இரண்டை வீட்டில் வைத்துவிட்டு ஒரு நல்ல டெலஸ்கோப் வாங்குங்கள். முக்காலி கனமானதாக இருக்கட்டும், அங்கே காற்று ஓய்வதே இல்லை.