குளத்து மொய்னாவின் பிறப்பு, இறப்பு வீதம் கணக்கிடுவது எப்படி?

கேள்வி: தேரூர் குளத்தில் எம்.எஸ்சி. புராஜெக்டுக்காக வாரம் ஒருமுறை வலை போட்டு மொய்னா (நீர்த்தெள்ளு எனப்படும் நுண்ணிய நீர்வாழ் உயிரி) எண்ணுகிறேன். லிட்டருக்கு ஐம்பது, அறுபது என்று ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கிறது. இதை வைத்துப் பிறப்பு, இறப்பு வீதம் கணக்கிட முடியுமா? – மாணவி, நாகர்கோவில்

எண்ணிக்கையை மட்டும் வைத்து முடியாது. அது பிறப்பில் இறப்பு போக மிச்சம், அவ்வளவுதான். மீன்குஞ்சுகள் தின்னத் தின்ன அதே வேகத்தில் புதிதாகப் பிறந்துகொண்டிருந்தாலும் ஐம்பது ஐம்பதாகவே நிற்கும், இரை இல்லாமல் முட்டையே போடாமல் சும்மா கிடந்தாலும் அப்படியேதான் நிற்கும்.

ஆனால் மொய்னா முட்டையை முதுகுப் பையில் சுமக்கிறது, அதுதான் நமக்கு வசதி. முட்டையை எண்ணுங்கள். ரோட்டிஃபர்கள் என்ற நுண்ணிய நீர்வாழ் உயிரிகளுக்காக ஆய்வாளர் எட்மண்ட்சன் 1960-இல் எடுத்துக்காட்டிய வழி இது. இன்று பெரும்பாலும் பயன்படும் சூத்திரம் பலோஹைமோ என்ற ஆய்வாளர் 1974-இல் தந்தது. மொத்த முட்டைகளை மொத்த மொய்னாக்களால் வகுத்து (முட்டை சுமப்பவற்றால் மட்டுமல்ல, குஞ்சு, ஆண் எல்லாம் சேர்த்து) ஒன்றைக் கூட்டி, இயல் மடக்கை (ln) எடுத்து, முட்டை குஞ்சாகி வெளிவர ஆகும் நாட்களால் வகுத்தால் பிறப்பு வீதம்.

ஐம்பது மொய்னாவுக்கு முப்பது முட்டை என்றால் விகிதம் 0.6. 1.6-இன் மடக்கை 0.47. முட்டை குஞ்சாக ஒன்றரை நாள் என்று வைத்துக்கொண்டால் பிறப்பு வீதம் நாளுக்கு 0.31. மூன்று நாளில் ஐம்பது அறுபதாகியிருந்தால், 60/50-இன் இயல் மடக்கையை மூன்றால் வகுக்க, எண்ணிக்கையின் வளர்ச்சி வீதம் நாளுக்கு 0.06. பிறப்பு வீதத்திலிருந்து இதைக் கழித்தால் இறப்பு 0.25, அதாவது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 22 சதவீதம் காணாமல் போகிறது! வெறும் எண்ணிக்கையைப் பார்த்தால் இது தெரிந்திருக்குமா?

அந்த ஒன்றரை நாளைப் புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள். வெப்பம் கூடினால் அது குறையும், பாதியானால் பிறப்பு வீதம் இரட்டிப்பாகிவிடும். முட்டை வைத்த தாய்களைத் தனித்தனிக் கிண்ணத்தில் போட்டு, கிண்ணங்களைக் குளத்து நீரின் வெப்பத்திலேயே வைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். இந்த வேலையில் அதிகப் பொறுமை கேட்பது இந்த இடம்தான், இதில் மட்டும் சோம்பல் கூடாது.

அப்புறம், வாரம் ஒருமுறை என்பது மிக நீண்ட இடைவெளி. அதற்குள் எத்தனையோ முட்டைக் கூட்டம் பொரிந்து போயிருக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை எடுங்கள், கரையோரச் செடிகளுக்கிடையிலும் நடுக்குளத்திலும். வெறும் ஃபார்மலினில் போட்டால் உடல் உப்பி முட்டை பையிலிருந்து நழுவிவிடும். 4 சத ஃபார்மலினில் லிட்டருக்கு 40 கிராம் சர்க்கரை கரைத்துக்கொள்ளுங்கள், குப்பியில் உதிர்ந்து கிடப்பதையும் கணக்கில் சேருங்கள். உறங்கு முட்டையை (சேற்றில் கிடந்து பின்னால் பொரிக்கும் தடித்த ஓட்டு முட்டை) சேர்க்க வேண்டாம், அது இப்போது பொரியாது.

மடை திறந்தாலோ மறுகால் பாய்ந்தாலோ நீரோடு போனதும் கணக்கில் இறப்பாகத்தான் விழும், அந்தத் தேதிகளைக் குறித்துவையுங்கள். இறப்பு வீதம் மைனஸில் வந்தால் பெரும்பாலும் மாதிரி எடுத்ததில் கோளாறு, அல்லது அடிச்சேற்றில் முன்பே கிடந்த உறங்கு முட்டைகள் பொரித்திருக்கும்.

பிறகு மணக்குடிக் காயலுக்கும் போவதாக இருந்தால் ஒன்று: அங்கே அகார்ஷியா போன்ற கோபிபாட்கள் (இறால் இனத்தைச் சேர்ந்த நுண்ணிய மிதவை உயிரிகள்) முட்டையைத் தண்ணீரிலேயே விட்டுவிடும், இந்த முறை அவற்றுக்குப் பொருந்தாது. பெண் கோபிபாட்களைப் பாட்டிலில் 24 மணி நேரம் வைத்து, இட்ட முட்டையை எண்ண வேண்டும்.