சைடு போட்டா வெள்ளை எவ்ளோ விலகுது? டேப் வெச்சு அளந்துடலாம்

பூல் ஆடுற வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கார்: "ரைட் சைடு போட்டு, அதாவது நடுவுல இல்லாம வலது பக்கம் தள்ளி அடிச்சா வெள்ளை பால் லெஃப்ட்ல தள்ளிப் போகுது, ஸ்டிக் மாத்துனா அந்த அளவும் மாறுது. காசு போட்டு லோ டிஃப்ளெக்‌ஷன் ஷாஃப்ட் (இந்த விலகலைக் குறைக்கிற மாதிரி செஞ்ச ஸ்டிக்கோட முன்பாதி) வாங்குறதுக்கு முன்னாடி என் ஸ்டிக் எவ்ளோ தள்ளுதுன்னு அளக்க முடியுமா?"

தாராளமா முடியும், இன்ச் டேப்பும் ஸ்லோ மோஷன் இருக்கிற போனும் போதும். ஆனா பால் பாக்கெட்ல விழுதா இல்லையான்னு பாத்து மட்டும் கணக்கு போடாதீங்க, ஏன்னா அங்க மூணு விஷயம் ஒண்ணா கலந்திருக்கும்: டிப் (ஸ்டிக்கோட நுனி) பட்ட அந்த நொடியே வெள்ளை எதிர்ப்பக்கம் விலகுறது, ஸ்டிக்கோட பின்பக்கம் தூக்கி இருக்கிறதால போற வழியில வளைஞ்சு திரும்புறது, மோதும்போது சுத்துற சுத்துல அடுத்த பாலையும் கொஞ்சம் இழுத்து விடுறது. நமக்கு முதல் விஷயம் மட்டும்தான் வேணும், அதனால டேபிள்ல வேற பாலே வேணாம்.

9 அடி டேபிள்னு வெச்சுக்குவோம். ஹெட் ஸ்பாட்ல (நீங்க நிக்கிற பக்கத்துல இருந்து டேபிளோட கால்வாசி நீளத்துல, நடுவுல இருக்கிற புள்ளி) வெள்ளைக்குப் பதிலா பட்டை போட்ட பால் ஒண்ணை, பட்டை உங்களைப் பாத்து செங்குத்தா நிக்கிற மாதிரி வைங்க. அங்கிருந்து எதிர் குஷன் (டேபிள் ஓரத்து ரப்பர்) வரைக்கும் பாலோட சென்டர் போற தூரம் சுமார் 188 செ.மீ. குஷனுக்கு மேல கட்டையில மாஸ்கிங் டேப் ஒட்டி செ.மீ. கோடு போட்டு போனை அதுக்கு நேர் மேல பிடிக்கச் சொல்லுங்க (துணியில சாக்பீஸால கோடு கீடு போட்டுடாதீங்க, கிளப் ஓனர் விரட்டுவார்).

இதுல பிசகுற இடமே ஸ்டிக் நேரா இருக்கான்றதுதான். சைடுன்னு நினைச்ச உடனே கை தானா ஸ்டிக்கை லேசா திருப்பிடும். அதனால இன்னொரு ஸ்டிக்கை ஷாட் லைனுக்கு இணையா பக்கத்துல படுக்க வெச்சு, டிப் கிட்டயும் பிரிட்ஜ் (ஸ்டிக்கைத் தாங்குற முன்கை) கிட்டயும் ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி ஒண்ணா இருக்கான்னு பாருங்க. ஸ்டிக் முடிஞ்ச அளவு தரைக்கு இணையா, அடி நல்லா வேகமா. ஒவ்வொரு ஷாட்டுக்கும் பாலைத் துடைச்சுட்டு டிப்புக்கு சாக் போட்டா அடி எங்க பட்டுச்சோ அங்க புள்ளி விழும். அந்தப் புள்ளி சென்டர்ல இருந்து எவ்ளோ தள்ளின்னு ஸ்கேலை முன்னாடி நேரா பிடிச்சு அளங்க, பால் மேல வளைச்சு அளந்தா கூடுதலா காட்டும். 12 மி.மீ. வந்தா சரி, 14ஐ தாண்டினா மிஸ்க்யூ (டிப் பால்ல வழுக்கிடுறது) பக்கம் போயிடுவீங்க.

ரைட்ல கொஞ்சம், லெஃப்ட்ல கொஞ்சம் அடிங்க. ரெண்டு பக்கமும் பால் தொட்ட இடத்துக்கு நடுவுல 13 செ.மீ. வந்தா அதுல பாதி, 6.5தான் விலகல். நீங்க லைனையே கொஞ்சம் கோணலா பிடிச்சிருந்தாலும் இப்படி பாதி எடுக்கிறதுல அது அடிபட்டுப் போயிடும். 6.5ஐ 188ஆல வகுத்தா 0.0346, அதாவது சுமார் 2 டிகிரி.

அடுத்து அதையே டேபிள் நடுவுல இருந்து, 124 செ.மீ. தூரத்துக்கு அடிங்க. வெறும் விலகல்னா 4.3 செ.மீ. கிட்ட வரணும். அதை விடக் கூடுதலா வந்தா, தூரத்துல அடிச்சப்ப பால் வளைஞ்சு விலகலைக் குறைச்சுக் காட்டியிருக்குன்னு அர்த்தம், ஸ்டிக்கை இன்னும் தரைக்கு இணையா பிடிச்சு வேகமா அடிங்க. விலகுற கோணம் வேகத்தால மாறுறது இல்ல, வளைவுதான் மெதுவா அடிச்சா கூடும்.

டிகிரியை விட விளையாட்டுல உபயோகமான நம்பர் ஒண்ணு இருக்கு: 12 மி.மீ.யை 0.0346ஆல வகுத்தா 347 மி.மீ., கிட்டத்தட்ட பதிமூணே முக்கால் இன்ச். பாலோட சென்டர்ல இருந்து அவ்ளோ தள்ளி பிரிட்ஜ் வெச்சு, முதல்ல நடுவுல எய்ம் பண்ணிட்டு அப்புறம் பின்னாடி ஸ்டிக்கைப் பிடிச்சிருக்கிற கையை மட்டும் நகர்த்தி சைடு எடுத்தா, ஸ்டிக் திரும்புன கோணமும் விலகலும் ஒண்ணையொண்ணு சரிக்கட்டிடும். மெதுவான ஷாட்டுக்கு இது அப்படியே பொருந்தாது, வளைவு உள்ள வந்துடும்.

ஷாஃப்ட் விஷயத்துக்கு வந்தா, டிப் பால்ல ஒட்டியிருக்கிறது ஒரு விநாடியில ஆயிரத்துல ஒரு பங்கு நேரம்தான், அதுக்குள்ள முன்னாடி இருக்கிற சில இன்ச் மரம் மட்டும்தான் பக்கவாட்டுல அசைஞ்சு பாலைத் தள்ளும், அதனாலதான் லோ டிஃப்ளெக்‌ஷன் ஷாஃப்ட்ல அந்த நுனியை லேசாக்குறாங்க. பிடியை இறுக்குறது, பட்ல (ஸ்டிக்கோட பின்பகுதி) வெயிட் ஏத்துறது எதுவும் இதை மாத்தாது. என்னைக் கேட்டா உங்க நம்பர் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வந்தா இப்ப இருக்கிற ஷாஃப்ட்டே போதும். வாங்கியே தீரணும்னா கடையில கேட்டு ரெண்டு ஷாஃப்ட்டையும் ஒரே பால்ல, ஒரே டேபிள்ல அளந்து பாருங்க, லேசான பாலா இருந்தா அதே ஸ்டிக்கே கூடுதலா தள்ளும்.