போதை ஏறிய வாடிக்கையாளரும் பார் மேனேஜரும்: வக்கீல் பதில்கள்

தக்கலையில் இருந்து ஒரு மேனேஜர்: சார், எங்க பாரில் குடித்துவிட்டுப் போகிறவர் வழியில் யாரையாவது இடித்தால் எங்க மேல கேஸ் வருமா?

அமெரிக்காவில் பல மாநிலங்களில், தள்ளாடுகிற ஆளுக்கு மேலும் ஊற்றிக் கொடுத்த பார் மீது, அவரால் அடிபட்டவர் வழக்குப் போடவே தனிச் சட்டம் இருக்கிறது. நம்மிடம் அப்படி ஒன்று இல்லை, அதனால் வண்டி ஓட்டியவர்தான் முதல் குற்றவாளி. ஆனால் கவனக்குறைவால் ஒருவர் சாகக் காரணமாவது இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 106-ம் பிரிவில் 5 வருஷம் வரை சிறை உள்ள குற்றம். நிற்கவே முடியாதவருக்கு இன்னொரு குவார்ட்டரும் கொடுத்து, உங்கள் செக்யூரிட்டியே பைக்கைத் திருப்பி நிறுத்தி சாவியைக் கையில் வைத்தது சிசிடிவியில் இருந்தால், விசாரணை உங்கள் பக்கம் திரும்பாது என்று நான் சொல்ல மாட்டேன். அப்புறம், அந்தப் பதிவை அழிக்கிற யோசனையே வேண்டாம், ஆதாரத்தை மறைத்ததாக அது தனி வழக்காகிவிடும்.

குளச்சல்: சாவியைப் பிடுங்கி வைக்கலாமா அண்ணாச்சி?

பிடுங்காதீங்க, கேட்டு வாங்குங்க. ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் தாண்டினாலே 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்துகூட வரலாம் என்று கூட வந்தவர்களிடம் சொல்லுங்க, அவர்களே வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆட்டோவும் பிடித்துக் கொடுங்க. அதையும் மீறிக் கிளம்பினால் வண்டி நம்பரோடு 100-க்கு போன் போடுங்க. ரூமில் போட்டுப் பூட்டினால் சட்டவிரோதமாக அடைத்து வைத்த குற்றம் உங்கள் மேல் வரும்.

நாகர்கோவில்: மூடுகிற நேரத்தில் ஒருவர் மேசையிலேயே சாய்ந்துவிட்டால் வெளியே படியில் படுக்க வைத்துவிடலாமா? எல்லா இடத்திலும் அப்படித்தானே செய்கிறார்கள்.

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். மல்லாந்து கிடக்கிறவர் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாயில் போய் அங்கேயே உயிர் போய்விடும், பார்க்கிறவர்களுக்கோ தூங்குகிற மாதிரித்தான் தெரியும். ஒருக்களித்துப் படுக்க வையுங்க. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தோளைத் தட்டிப் பாருங்க. எழுப்பியும் அசையவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது, உடம்பு சில்லிட்டுப் போகிறது என்றால் உடனே 108-க்கு போன் செய்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்க. எலுமிச்சம்பழச் சாறு, கட்டங்காப்பி எதுவும் போதையை இறக்காது, அரை மயக்கத்தில் வாயில் ஊற்றினால் புரையேறும். ஆள் தெளிகிறவரை, இல்லை வீட்டுக்காரர்கள் வருகிறவரை, ஒரு பையனைப் பக்கத்தில் உட்கார வையுங்க. உங்கள் கண் முன்னால் விழுந்தவரை ரோட்டோரம் இழுத்துப் போட்டுவிட்டு வந்த பிறகு, "எனக்குத் தெரியாது" என்று கோர்ட்டில் சொல்ல வழியே கிடையாது.

களியக்காவிளை: கேரளாவில் மது கொடுக்க 23 வயசு ஆகியிருக்கணும், இங்கே?

21. சந்தேகம் வந்தால் அடையாள அட்டையைப் பார்க்காமல் கொடுக்காதீங்க.

மார்த்தாண்டம்: போதும் என்று நிறுத்தினால் ஓனர் திட்டுகிறார். நான் வெறும் சம்பளக்காரன்தானே?

கிரிமினல் வழக்கில் "முதலாளி சொன்னார்" என்பது தப்பிக்க வழி ஆகாது தம்பி. அன்றைக்கு டூட்டியில் இருந்தது யார் என்றுதான் போலீஸ் கேட்பார்கள். ஒரு நோட்டுப் போடுங்க: எத்தனை மணிக்கு ஆர்டரை நிறுத்தினீர்கள், யாருக்கு போன் செய்தீர்கள், யாருடன் அனுப்பினீர்கள். அன்றைக்கே எழுதி, கூட இருந்த சர்வரிடமும் கையெழுத்து வாங்கி வையுங்க.