கடை வளவில் சாய்ந்த வேம்பு: தறிப்பதா, விடுவதா?

கேள்வி: யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கட்டடப் பொருட்கள் விற்கும் கடை வைத்திருக்கிறேன். முன் வளவில், வாகனங்கள் நிற்கும் இடத்துக்கு மேலே பெரிய வேம்பு ஒன்று சாய்ந்து நிற்கிறது. பின்னால் இரண்டு பனைகள். மாரி தொடங்குமுன் எல்லாவற்றையும் தறிக்கச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: கோடரியைக் கீழே வையுங்கள். சாய்ந்ததெல்லாம் விழும் மரமல்ல. வெளிச்சம் தேடிச் சிறுவயதிலேயே சாய்ந்த வேம்பின் நுனி மேல்நோக்கி நிமிர்ந்திருக்கும். பயப்பட வேண்டியது அண்மையில் சாய்ந்த மரத்துக்குத்தான். சாய்வுக்கு எதிர்ப்பக்கம் நிலம் வெடித்திருந்தால், வேரடி மண் மேலெழும்பியிருந்தால், அன்றைக்கே அந்த இடத்தைக் கயிறு கட்டி மறித்துவிடுங்கள்.

"பச்சையாகத்தானே நிற்கிறது" என்று அண்ணாந்து பார்த்துச் சொல்வார்கள். உள்ளே கோறை விழுந்த மரமும் பச்சையாகத்தான் நிற்கும். அடிமரத்தை மரச்சுத்தியலால் சுற்றிவரத் தட்டுங்கள். ஓரிடத்தில் ஓசை பொள்ளலாகக் கேட்டாலோ, அடியில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருந்தாலோ, விடயம் தெரிந்தவரை அழைத்துக் காட்டுங்கள். மதிலுக்கோ வாய்க்காலுக்கோ பக்கத்தில் கிடங்கு வெட்டினீர்களா என்பதையும் யோசியுங்கள். சுன்னாகம் அடங்கிய வலிகாமத்துச் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக் கல். பாறை நிலமட்டத்துக்குக் கிட்டக் கிடக்கும் இடங்களில் மரத்துக்குப் பிடிமானமே பக்கவேர்கள்தான். ஒரு பக்க வேர் வெட்டுண்ட மரத்தின் நிலை, கார்த்திகை மழையில் மண் ஊறிக் காற்றும் சேரும்போதுதான் தெரியவரும்.

தலையை மொட்டையடிக்க மட்டும் விடாதீர்கள். கூலி கொடுத்து ஆபத்தை வாங்கும் வேலை அது. வெட்டு வாயில் உக்கல் இறங்கும்; கொத்தாக வெடிக்கும் புதுக் கொப்புகள் மேல்தோலில்தான் ஒட்டியிருக்கும், பருத்ததும் பிய்ந்து விழும். பட்ட கொப்புகளையும் கூரையை உரசுபவற்றையும் மட்டும், கொப்பு பிறக்கும் இடத்துப் புடைப்பில் காயம்படாமல் கழிப்பியுங்கள். மின்கம்பிக்கு அருகென்றால் மின் விநியோக நிறுவனத்துக்கு அறிவிக்காமல் எவரையும் ஏற்றாதீர்கள்.

பனை இலேசில் விழாது. விழுவது காவோலையும் பழமும். காவோலையைக் கழித்து, பழக் காலத்தில் அடியில் ஆள் நடமாட்டத்தைத் தடுத்தால் போதும். பெண் பனை, பலா, ஈரப்பலா மூன்றையும் அனுமதியின்றித் தறிக்க 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இடம் தராது. பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள். வேம்பைத் தறிக்கத்தான் வேண்டுமென்றாலும் முதலில் அங்கேயே விசாரியுங்கள்.

எல்லாவற்றிலும் மலிவான வழி, வாகனத் தரிப்பிடத்தை மறுபக்கம் மாற்றுவது. பார்த்ததையும் செய்ததையும் திகதியோடு எழுதி, படமும் எடுத்து வையுங்கள். நாளைக்கு ஒரு வாடிக்கையாளரின் வாகனத்தில் கொப்பு முறிந்தால் காப்புறுதிக்காரர் கேட்பது அதைத்தான்.