மதுரையில் உளவியல் திரில்லர் குறும்படம் எடுக்கிறோம். கதாநாயகியின் நடிப்பு ரிகர்சலில் மிகையாகத் தெரிகிறது. எப்படிச் சரிசெய்வது?

நீங்கள் சொன்ன கதையிலிருந்தே தொடங்குகிறேன். செல்லூரில் ஒரு வாடகை வீடு, பூக் கட்டும் பெண், நான்கு நாளாகக் காணாமல் போன புருஷன், விசாரிக்க வரும் கொழுந்தன். கொன்றது அவள்தான் என்பது கடைசியில்தான் தெரிய வேண்டும். ஆனால் ரிகர்சலில் அவள் கண்ணை உருட்டுகிறாள், மூச்சு வாங்குகிறாள், முதல் நிமிஷத்திலேயே குட்டு உடைந்துவிடுகிறது என்கிறீர்கள்.

கோளாறு நடிகையிடம் இல்லை. அவருக்குக் கொடுத்த வேலையில் இருக்கிறது. "உள்ளுக்குள்ள பதற்றமா இருக்கணும்" என்று சொல்லியிருப்பீர்கள். பதற்றத்தை நடி என்றால் யாராக இருந்தாலும் மூச்சைத்தான் வாங்குவார்கள். கொன்றவள் பதற்றத்தைக் காட்டப் பார்க்க மாட்டாள், அதை மறைக்கத்தான் பாடுபடுவாள். நடிகைக்கும் அந்த மறைக்கும் வேலையைத்தான் கொடுக்க வேண்டும்: "கொழுந்தன் டீ குடிச்சிட்டு அஞ்சு நிமிஷத்துல கிளம்பணும், அதுவரைக்கும் பின்கட்டுப் பக்கம் அவன் பார்வை போகக் கூடாது." இது செய்யக்கூடிய வேலை. முகம் தானாக அதற்கேற்ப நடந்துகொள்ளும்.

சந்திரமுகியில் (2005) ஜோதிகா கட்டிலைத் தூக்கும் காட்சியை மறுபடி போட்டுப் பாருங்கள். எல்லோருக்கும் நினைவில் நிற்பது அந்த ஆவேசம். ஆனால் அதற்கு வலு கொடுப்பது முன்னும் பின்னும் உள்ள சில நொடிகள்தான். வெளியே கிளம்ப ஆசைப்படும் சாதாரண மனைவியாகத்தான் அவர் தொடங்குகிறார். கணவன் கூப்பிட்டதும் மறுபடி கங்காவாகிறார். அந்தச் சாதாரணம் நம்பும்படி இல்லையென்றால் ஆவேசம் வெறும் கூச்சலாகியிருக்கும். மலையாள மூலத்தில் (1993) இதே வேடத்துக்குத்தான் ஷோபனா தேசிய விருது வாங்கினார்.

உங்கள் படத்தில் பூக் கட்டுவது பெரிய வரம். கைக்கு வேலை இருந்தால் முகம் அடங்கும். ஆனால் நடிகைக்கு நிஜமாகவே கட்டத் தெரிய வேண்டும். குனிந்து பூவைப் பார்த்துப் பார்த்துக் கட்டினால் கண் மொத்தமும் வீணாகிவிடும். பூக்கடை அக்கா யாரிடமாவது தினம் ஒரு மணி நேரம், பத்து நாள் உட்கார வையுங்கள். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், நாரைச் சுற்றி ஒரு இறுக்கு. இதைப் பார்க்காமல் கட்டும் அளவுக்குக் கை பழக வேண்டும்.

பிறகு இந்த இரண்டு வரியை எடுங்கள்:

"அண்ணே போனே எடுக்க மாட்டேங்குது மதினி."

"திருப்பூர் போனா என்னைக்கு எடுத்தாக? வந்துருவாக."

புதியவர்கள் கேள்வி விழுந்ததும் கையை நிறுத்திவிடுவார்கள். அது பார்வையாளருக்குத் தந்தி அடிப்பது மாதிரி. கை நிற்கவே கூடாது. பதிலும் இயல்பாக வரட்டும். கொழுந்தன் டம்ளரை எடுக்கத் திரும்பிய பிறகு, அடுத்த கண்ணியை ஒரு பிடி கூடுதலாக இறுக்கி, ஒரு மொட்டின் காம்பு ஒடியட்டும். ஒடிந்ததை அவள் முந்தானைக்கடியில் தள்ளிவிட்டுத் தொடரட்டும். முதல் தடவை பார்ப்பவருக்கு அது பூ, இரண்டாம் தடவை பார்ப்பவருக்கு அது ஒப்புதல் வாக்குமூலம்.

இதில் ஒரு கண்டின்யூட்டி சிக்கல் உண்டு. காலையில் வாங்கிய மல்லி மொட்டு சாயங்காலம் விரியத் தொடங்கிவிடும், விளக்குச் சூட்டில் இன்னும் சீக்கிரமே. முதல் ஷாட்டில் மொட்டு, அடுத்த ஷாட்டில் பூ என்றாகிவிடும். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் கால் கிலோ வீதம் இரண்டு பொட்டலம் வாங்கி, ஒன்றைத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு மூடி வையுங்கள். முகூர்த்த நாளில் விலை எகிறும், தவிர்த்துவிடுங்கள். எந்த வரியில் எந்தக் கண்ணி, சரம் எத்தனை முழம் என்பதை உதவி இயக்குநர் குறித்துவைக்க வேண்டும்.

ரிகர்சலில் முதல் சுற்றை ரகசியமே இல்லாமல் ஓட்டுங்கள். புருஷன் உண்மையிலேயே திருப்பூரில்தான் இருக்கிறான் என்று வைத்து நடிக்கட்டும். அந்தச் சுற்றில் வரும் சிரிப்பு, சலிப்பு, சேலையைச் சரிசெய்வது எல்லாவற்றையும் போனில் பதிவு செய்யுங்கள். இரண்டாம் சுற்றில் ரகசியத்தைக் கொடுத்து, முதல் சுற்றை அப்படியே திரும்பச் செய்யச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவில் வரும் சின்ன வித்தியாசம்தான் உங்களுக்கு வேண்டிய நடிப்பு. அழுகைக் காட்சியை மட்டும் ரிகர்சலில் முழுசாகச் செய்யவிடாதீர்கள். அங்கேயே தீர்ந்துபோனால் படப்பிடிப்பில் அதன் நகல்தான் வரும்.

கொழுந்தன் வேடத்துக்கு ஸ்பெஷல் நாடக நடிகரை யோசிப்பதாக எழுதியிருந்தீர்கள். தாராளமாகப் போடுங்கள். வெவ்வேறு ஊரிலிருந்து வந்து, ஒத்திகை இல்லாமல் மேடையில் சந்தித்து வள்ளி திருமணத் தர்க்கத்தை நீட்டி வாதாடுகிறவர்கள் அவர்கள். எதிராளி சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கும் பழக்கம் ரத்தத்தில் ஊறியது. குரலும் கையும் மட்டும் கடைசி வரிசைவரை போகும் அளவில் இருக்கும். "குறைங்கண்ணே" என்று சொன்னால் உற்சாகமும் சேர்ந்தே இறங்கிவிடும். "பக்கத்து ரூம்ல பிள்ளை தூங்குதுண்ணே" என்று சொல்லிப் பாருங்கள். வேகம் குறையாமல் சத்தம் மட்டும் இறங்கும்.

க்ளோஸப்புக்குக் கேமராவை முகத்தருகே கொண்டுபோனால் மூக்கு பெரிதாகும், நடிகையும் கூசுவார். தள்ளி நின்றே முகத்தை நெருக்கமாகக் காட்டும் 85 எம்.எம். லென்ஸில் எடுங்கள். கொழுந்தன் கேமராவை ஒட்டி நின்று அதே குரலில் வசனம் கொடுக்க வேண்டும். உதவியாளர் பேப்பரைப் பார்த்து வாசித்தால் நடிகையின் கண் செத்துவிடும். புது நடிகையென்றால் முக்கியமான க்ளோஸப்பை முதலிலேயே எடுத்துவிடுங்கள். டேக்குக்கு டேக் நோக்கத்தை மாற்றுங்கள்: ஒன்றில் பாசம், ஒன்றில் எரிச்சல், ஒன்றில் வெறும் களைப்பு. எது எடுபடும் என்பது எடிட்டிங்கில்தான் தெரியும். இமைக்காமல் வெறிப்பதைப் படத்தில் ஒரே ஒரு இடத்தில் வையுங்கள்.

சித்திரை வெயிலில் எடுத்தால் வியர்வையைக் கவனியுங்கள். ஒலிக்காக ஃபேனை நிறுத்துவீர்கள், இரண்டு நிமிஷத்தில் நெற்றி மினுக்கும். அவள் எவ்வளவு அடக்கி நடித்தாலும் அந்த வியர்வை குற்றவாளி என்று சொல்லிவிடும். டேக் முடிந்ததும் ஃபேன், அடுத்த டேக்குக்கு முன் டிஷ்யூவால் ஒற்றல், துடைக்கக் கூடாது. ஃபிரிட்ஜையும் நிறுத்த வேண்டும். திரும்பப் போட மறக்காமலிருக்க வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வையுங்கள். ஆடி மாதம் ஒலிபெருக்கி ஓயாது, அப்போது வேண்டாம்.

கொலையைக் காட்டுவதானால், கழுத்தை நெரிக்கும் காட்சியில் நெரிப்பவரின் விரல் தொண்டையில் படவே கூடாது. உள்ளங்கை காறையெலும்பின் மேல் இருக்கட்டும். நெரிபடுகிறவர் அந்த மணிக்கட்டுகளைப் பிடித்துத் தன் பக்கம் இழுக்க வேண்டும். பார்க்கப் போராட்டமாகத் தெரியும், கட்டுப்பாடு முழுக்க அவர் கையில். நிறுத்த ஒரு சைகையை முன்பே பேசிவையுங்கள். நிஜமாகப் பயமுறுத்தி நடிப்பு வாங்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பயந்த நடிகை அதே ஷாட்டை இரண்டாம் முறை தர மாட்டார், உங்களை நம்பவும் மாட்டார்.

டப்பிங் என்றால் படப்பிடிப்பு முடிந்த அதே வாரத்தில் செய்துவிடுங்கள். ஸ்டூடியோவில் நிற்க வைக்காமல் தரையில் சம்மணமிட்டு உட்கார வைத்து, கையில் நாரும் கொஞ்சம் பூவும் கொடுங்கள்.