தம்பி, அடுப்பை விடுங்கள்; புகை போகும் வழியைப் பாருங்கள்

நோர்வேயில் எல்வெரும் பக்கம் பழைய மரவீடு ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். மின்சாரக் கட்டணத்தைப் பார்த்துப் பயந்து விறகடுப்பு வைக்க நினைக்கிறீர்கள். 1,500 குரோனருக்கு ஒரு பழைய வார்ப்பிரும்பு அடுப்பு கிடைக்கிறது, நண்பனும் நானுமாகப் பூட்டிவிடலாமா என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். கூடவே சாரதிப் பத்திரம் மாற்றுவது எப்படி, பிள்ளைக்கு எந்தப் பள்ளி, எந்த வங்கி என்றும் கேட்டிருக்கிறீர்கள். அவற்றைச் சொல்லித்தர நோர்வேயில் ஆயிரம் தமிழர் இருக்கிறார்கள். பள்ளி எல்லாம் ஒன்றுதான், பக்கத்தில் இருப்பதில் சேருங்கள். அடுப்பு விஷயத்தில் மட்டும் என்னால் சும்மா இருக்க முடியாது. ஓர் அடுப்பு என்னையும் இன்னும் மூன்று பேரையும் கொல்லப் பார்த்தது.

1987இல் மாணவர் விசாவில் வந்து, படிப்பு முடிந்ததும் வடக்கே ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலை வேலைக்குப் போனவர்களில் நானும் ஒருவன். கடற்கரையோரம் மரமே இல்லாத ஊர். நவம்பர் கடைசியில் போன சூரியன் ஜனவரி இரண்டாம் பாதியில்தான் திரும்பி வரும். நாங்கள் நால்வர் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்தோம். விறகு வாங்கக் காசு இல்லை. சைபீரிய ஆறுகளில் விழுந்த மரங்கள் மிதந்து வந்து அந்தக் கரையில் ஒதுங்கும். அதைப் பொறுக்கினோம், தொழிற்சாலையின் பின்னால் கிடந்த வர்ணம் பூசிய பலகைகளையும் பொறுக்கினோம். உப்பூறிய கடல்மரம் அடுப்பின் இரும்பையே தின்னும் என்பதோ, வர்ணப் பலகையின் புகை நஞ்சு என்பதோ எங்களுக்குத் தெரியாது.

ஊரில் அம்மா பனைமட்டையும் ஊமலும் எரிப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். நெருப்பைப் பற்றி வெள்ளைக்காரன் எனக்கு என்ன சொல்லித்தருவது என்ற எண்ணம் வேறு. ஆனால் எங்கள் குசினியில் புகை ஓட்டு இடுக்காலும் வேலி ஓலையாலும் தானே போய்விடும். குளிர்நாட்டு வீடு அப்படி அல்ல, மூடி வைத்த டப்பா. அந்த அடுப்பின் புகைக்குழாயில் ஓர் இரும்புத் தட்டு இருந்தது. ஓர் இரவு, தணல் விடியும்வரை கிடக்கட்டும் என்று அந்தத் தட்டை முழுதாக மூடிவிட்டுப் படுத்தோம். விடியற்காலையில் எனக்குத் தலை பிளந்தது. ஒருவன் வாந்தி எடுத்தான். இன்னொருவனை எழுப்பவே முடியவில்லை. பக்கத்து வீட்டு மூதாட்டி நாங்கள் வேலைக்குப் போகவில்லையே என்று கதவைத் தட்டியிருக்கிறார். உள்ளே வந்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மைனஸ் பதினைந்தில் எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டு, எங்களை இழுத்துப் பனியில் உட்கார வைத்தார். கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பிழைத்தது அந்த அம்மாவின் புண்ணியம்.

இப்போது உங்கள் 1,500 குரோனர் அடுப்புக்கு வருகிறேன். அது எந்த ஆண்டில் செய்தது என்று முதலில் கேளுங்கள். நோர்வேயில் 1998க்குப் பிறகு வந்த அடுப்புகள் புகையை இரண்டாம் முறை காற்றுக் கொடுத்து எரிப்பவை. அதற்கு முந்திய சாதாரண அடுப்பைப் புதிதாக ஒரு வீட்டில் பூட்டச் சட்டம் இடம் தராது. விற்பவர் அதைச் சொல்லமாட்டார். 1998க்குப் பிந்தியது என்றால் கையேடும் சான்றிதழும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வார்ப்பிரும்பில் வெடிப்பு உண்டா, உள்ளே தகடுகள் வளைந்து போயிருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். சுகமாக உருவிக்கொண்டு வந்தால் கதவைச் சுற்றிய கயிறு செத்துவிட்டது. அதை மாற்றலாம், மலிவுதான். வெடித்த இரும்பை மாற்ற முடியாது.

பெரிய அடுப்புக்கு ஆசைப்படாதீர்கள். நம்மவர்களுக்கு எதுவும் பெரிதாக இருந்தால்தான் திருப்தி. வரவேற்பறைக்கு ஐந்தாறு கிலோவாட் தாராளம். பெரியதை வாங்கினால் வெக்கை தாங்காமல் காற்றை அடைப்பீர்கள். காற்றில்லாத நெருப்பு எரியாது, புகையும். அந்தப் புகை புகைபோக்கிச் சுவரில் தாராகப் படியும். 1996இல் நான் வாங்கிய முதல் வீட்டில் அதைத்தான் செய்தேன். ஈர விறகு, பாதி மூடிய காற்று, இரண்டு குளிர்காலம். மூன்றாவது குளிர்காலத்தில் ஒரு மாலை சுவருக்குள் ரயில் ஓடுவது போலச் சத்தம். படிந்த தார் தீப்பற்றியிருந்தது. தீயணைப்புப் படையினர் வந்துதான் வீடு நின்றது, ஆனால் புகைபோக்கி நெடுக வெடித்துவிட்டது. உள்ளே எஃகுக் குழாய் இறக்க ஆன செலவில் நாலு புதிய அடுப்பு வாங்கியிருக்கலாம். உங்களுக்கு அப்படி நேர்ந்தால் அடுப்பின் காற்று வழிகளை எல்லாம் மூடிவிட்டு, எல்லோரையும் வெளியே கூட்டிப்போய் 110க்கு அழையுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது.

நண்பனோடு சேர்ந்து பூட்டலாமா என்றால், பூட்டலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் தகுதி உள்ள ஒருவர் வந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும், தீயணைப்புத் துறைக்கும் தெரிவிக்க வேண்டும். முதல் தீக்குச்சி அதற்குப் பிறகு. இங்கேதான் எனக்குக் கோபம் வரும். மகளின் சாமத்திய வீட்டுக்கு மண்டபமும் வீடியோவும் பல்லக்குமாக லட்சக்கணக்கில் செலவழிப்பவர், இந்தக் கையெழுத்துக்குச் சில ஆயிரம் என்றதும் ‘எனக்குத் தெரிந்த பொடியன் ஒருவன் சும்மா செய்துதருவான்’ என்கிறார். அந்தப் பொடியன் பலகைச் சுவரை ஒட்டி அடுப்பை வைத்துவிட்டுப் போய்விடுவான். பின்னால் தீச்சுவர், அதாவது எரியாத பொருளால் ஆன சுவர், இருக்காது. நாளைக்கு ஏதாவது நடந்தால் காப்புறுதிக்காரர் முதலில் கேட்பது அந்தக் கையெழுத்தைத்தான்.

சுவருக்கும் அடுப்புக்கும் எவ்வளவு இடைவெளி என்பது அந்தந்த அடுப்பின் கையேட்டில் இருக்கும். என்னுடையது இருபது சென்டிமீட்டர் என்றால் உங்களுடையது நாற்பதாக இருக்கலாம், என்னைப் பார்த்துச் செய்யாதீர்கள். கதவுக்கு முன்னால் 30 சென்டிமீட்டராவது எரியாத தட்டு தரையில் இருக்க வேண்டும். முந்திய சொந்தக்காரர் புகைபோக்கியை அழகுக்காகப் பலகை அடித்து மூடியிருந்தால் கழற்றிப் போடுங்கள், வெடிப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும். நிலவறையில் கரி அள்ளும் சின்னக் கதவு இருக்கும். அதன் பக்கத்தில் ஊரிலிருந்து வந்த அட்டைப்பெட்டிகளை அடுக்காதீர்கள்.

புகைபோக்கி துடைக்க வருபவரை இங்கே ‘ஃபையர்’ என்பார்கள். கறுப்பு உடையும் தூரிகையுமாக அவரைக் கண்டால் நம்மவர்களுக்குக் குடிவரவு அதிகாரியைக் கண்ட நடுக்கம். கதவைத் திறக்காமல் இருட்டில் உட்கார்ந்திருந்த குடும்பத்தையும் எனக்குத் தெரியும். அவர் வருகைக்குத்தான் நகரசபைக்குக் கட்டணம் கட்டுகிறீர்கள், பிறகென்ன பயம்? அடுப்பு வாங்குவதற்கு முன்னாலேயே கூப்பிட்டு, கோப்பி கொடுத்து, இந்தப் புகைபோக்கிக்கு எது சரி என்று கேளுங்கள். நான் கற்றதில் பாதி அவர்களிடம் கற்றது.

நம் சமையலுக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும். ஆட்டிறைச்சிக் கறி வைக்கும்போது குசினி விசிறியை முழு வேகத்தில் போடுவோம் அல்லவா, அது வீட்டுக் காற்றை எல்லாம் இழுத்து வெளியே தள்ளும். புதிய காற்று வர வழி இல்லாவிட்டால் புகைபோக்கி வழியாகவே இழுக்கும், புகை அறைக்குள் திரும்பும். விசிறி ஓடினால் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், அல்லது கறியை முடித்துவிட்டு அடுப்பை மூட்டுங்கள். புகை எச்சரிக்கைக் கருவி எப்படியும் கட்டாயம். கார்பன் மொனொக்சைட் கருவி ஒன்றும் வாங்குங்கள். வீட்டுக்கு வருபவர்களுக்கு நான் கொடுக்கும் பரிசு அதுதான், சிலர் முகம் சுளிப்பார்கள்.

சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில், வீட்டுக்கு வெளியே, மரத்தளத்தில் இல்லாமல் வையுங்கள். தணல் நாள் கணக்கில் உயிரோடு கிடக்கும்.

விறகு பற்றி எழுதினால் விடிந்துவிடும். பூர்ச்ச (birch) மரம் வாங்குங்கள், ஈரம் 20 வீதத்துக்குக் கீழே இருக்கட்டும், அளக்கும் கருவி மலிவு. பெரிய கட்டைகள் கீழே, சிராய்கள் மேலே, மேலிருந்து மூட்டுங்கள். அம்மா கேட்டால் சிரிப்பார், ஆனால் புகை குறைவு. நான் இப்போது மியோசா ஏரிக்கரையில் இருக்கிறேன். குளிர்காலத்தில் வெட்டிய மரத்தை ஈஸ்டருக்கு முன் பிளந்து அடுக்கிவிடுவேன். 2013 பெப்ரவரியில் நோர்வேயின் பொதுத் தொலைக்காட்சியான என்.ஆர்.கே. விறகைப் பற்றி 12 மணி நேரம் ஒளிபரப்பியது. பட்டை மேலே பார்க்க அடுக்குவதா, கீழே பார்க்க அடுக்குவதா என்று நாடே சண்டை பிடித்தது. அந்த வசந்தத்தில் நான் பட்டையை மேலே வைத்து ஓர் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தேன். பதினைந்து வருடமாகத் தலையசைப்போடு நிறுத்திக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரர் வேலியைத் தாண்டி வந்தார். ஒன்றும் சொல்லாமல் மேல்வரிசையை ஒவ்வொன்றாகப் புரட்டி வைத்துவிட்டுப் போனார். அவர் உள்ளே போனதும் நான் திருப்பி வைத்தேன்.